வேலையில் கேப் இருக்கிறது, எம்பிஏ போகலாமா? தேதி எழுதுவதிலிருந்து இன்டர்வியூ வரை

2021 பிப்ரவரி 12 அன்று சென்னை ஓஎம்ஆரில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டேன். அடுத்த வேலையில் சேர்ந்தது 2022 செப்டம்பர் 5. நடுவில் ஏறக்குறைய பத்தொன்பது மாதம், ரெஸ்யூமேயில் பல் விழுந்த இடம் மாதிரி இருக்கிறது. சிவில் சர்வீஸுக்காக விட்டேன், இரண்டு தடவை பிரிலிம்ஸ் (முதல்நிலைத் தேர்வு) எழுதினேன், இரண்டிலும் தேறவில்லை. 2022 நவம்பரில் எம்பிஏ நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதி ஓர் ஐஐஎம்மில் (இந்திய மேலாண்மைக் கழகம்) இடம் கிடைத்தது. படித்து முடித்த பிறகு சேர்க்கை சீசன் நேரத்தில் ஜூனியர்களுக்கு மாக் இன்டர்வியூ (ஒத்திகை) எடுக்கிறேன். கேப் இருந்ததால் மட்டும் சீட் போனது என்று சொல்லக்கூடிய ஒருவரை இதுவரை பார்க்கவில்லை. கேப்பைப் பற்றி மழுப்பிச் சறுக்கியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வெளியூர், வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பற்றியும் இடையில் சொல்கிறேன். முக்கியமாக இது இந்தியாவுக்குள் எம்பிஏ சேர நினைப்பவர்களுக்கு.

1. ஒரு தாளை எடுத்து மாதங்களை எண்ணுங்கள்

டிகிரி முடித்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை ஒவ்வொரு மாதத்தையும் வரிசையாக எழுதுங்கள். பக்கத்தில் அந்த மாதம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரே வரி. மனக்கணக்கு போடாதீர்கள். "ஒரு வருடம்தான் இருக்கும்" என்று சொன்னவருக்கு எண்ணிப் பார்த்தால் பதினேழு மாதம் வந்திருக்கிறது, "ரெண்டு வருஷம் வீணாப்போச்சு" என்று புலம்பியவருக்குப் பதினொன்றுதான் வந்தது.

எண்ணும்போதே பாதிப் பயம் போய்விடும், ஏனென்றால் கேப் என்று நாம் நினைக்கும் பல மாதங்கள் கேப்பே இல்லை. ஒரு கம்பெனியிலிருந்து விலகி இன்னொன்றில் சேர ஒன்றரை மாதம் ஆனதை யாரும் கேட்கப்போவதில்லை. கேம்பஸில் வேலை கிடைத்து, ஆஃபர் லெட்டரையும் கையில் வைத்துக்கொண்டு, கம்பெனி கூப்பிடாததால் எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்த இன்ஜினியர்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் உண்டு. அதற்கு ஆஃபர் லெட்டரில் உள்ள தேதியே பதில். பிரசவ விடுப்பும் அப்படித்தான்: 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு, அந்தக் காலம் முழுக்க நீங்கள் கம்பெனியின் ஊழியர்தான், கேப் இல்லை. அதற்குப் பிறகு வேலையை விட்டிருந்தால் விட்ட தேதியிலிருந்துதான் கணக்கு.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். அப்பாவின் கடையையோ பட்டறையையோ பார்த்துக்கொண்டவர்கள் "சும்மா வீட்ல இருந்தேன்" என்கிறார்கள். போன சீசனில் ஒரு பையன் அப்படித்தான் ஆரம்பித்தான். துருவிக் கேட்டால், அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு பதினான்கு மாதம் ஹார்டுவேர் கடையை இவன்தான் நடத்தியிருக்கிறான்: பாக்கி வசூல், ஜிஎஸ்டி ரிட்டர்ன், மூன்று வேலையாட்களுக்குச் சம்பளம். பெயின்ட் சரக்கை எவ்வளவு எடுத்தால் தேங்காது என்று வாய்க்கணக்காகவே சொன்னான். எம்பிஏ வகுப்பில் இரண்டு வருடம் சொல்லித்தருவதில் பாதியைச் செய்துவிட்டு வந்து அதை மறைக்கிறான்! இது உங்கள் கதையாக இருந்தால் கூச்சப்படாமல் எழுதுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. சம்பளமாக வாங்கிய சான்று இல்லாவிட்டால் படிவத்தில் "முழுநேர வேலை அனுபவம்" என்ற கட்டத்தில் அந்த மாதங்களைச் சேர்க்க முடியாமல் போகலாம். வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவு, ஆடிட்டர் கடிதம் இவற்றில் எது கையில் இருக்கிறது என்று பார்த்து, அந்தக் கல்லூரியின் விதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். சேர்க்க முடியாவிட்டால் ரெஸ்யூமேயில் எழுதலாம், இன்டர்வியூவில் பேசலாம்.

2. காகிதங்கள்

கதை எழுதுவதற்கு முன்னால் ஃபைலைத் தயார் செய்யுங்கள். ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, முதல் மாத பே ஸ்லிப், கடைசி மாத பே ஸ்லிப், ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்குக் கம்பெனி தரும் சான்று). இத்துடன் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) தளத்தில் உங்கள் பிஎஃப் அடையாள எண்ணான யுஏஎன்னைப் போட்டு உள்ளே போய் சர்வீஸ் ஹிஸ்டரியைப் பாருங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் அங்கே இருக்கும்.

எனக்கு இதில்தான் அடி விழுந்தது. பழைய கம்பெனி விலகிய தேதியை ஏற்றவே இல்லை. ஆவணப்படி நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்! எச்ஆருக்கு நான்கு மெயில் போட்டேன், "நோட்டட்" என்று ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான். அப்புறம்தான் தெரிந்தது, வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டால் ஆதார் ஓடிபி வைத்து அந்தத் தேதியை நாமே தளத்தில் பதிவு செய்யலாம். பத்து நிமிட வேலை. ரிலீவிங் லெட்டரில் ஒரு தேதி, பிஎஃபில் ஒரு தேதி, ரெஸ்யூமேயில் இன்னொரு தேதி என்று மூன்றாக இருந்தால், சரிபார்ப்பவர் உங்களைப் பொய்யர் என்றுதான் நினைப்பார், சோம்பேறி என்று நினைக்க மாட்டார்.

கேப்புக்கான காகிதமும் வேண்டும். போட்டித் தேர்வு என்றால் ஹால் டிக்கெட், மதிப்பெண் பட்டியல். உடல்நலம் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி. யாரும் கேட்காமல் போகலாம். ஆனால் ஃபைலில் இருக்கிறது என்பதே பேசும்போது குரலை நேராக வைக்கும்.

3. எந்தப் படிப்பு என்று இப்போது பாருங்கள்

இரண்டு வருட எம்பிஏவா, ஒரு வருடமா என்பதைப் பொறுத்து கேப்பின் கனம் மாறும்.

இரண்டு வருடப் படிப்புக்குக் கேட் தேர்வு. வருடத்துக்கு ஒரு முறை, நவம்பர் கடைசி வாக்கில். மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 40 நிமிடம். ஆகஸ்டில் பதிவு தொடங்கும், பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை இன்டர்வியூ, ஜூன், ஜூலையில் வகுப்பு. மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கைக்கு மட்டும்தான் செல்லும். வயது வரம்பு கிடையாது. புதிதாகப் படித்து முடித்தவர்களும் இங்கே வருவதால் வேலை அனுபவம் கட்டாயமில்லை. பல ஐஐஎம்கள் வெளியிடும் தேர்வுமுறையில் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மதிப்பெண்களோடு வேலை அனுபவத்துக்கும் மாதக் கணக்கில் புள்ளி தருகிறார்கள். கேப்பினால் அந்த மாதங்களுக்கான புள்ளி கிடைக்காது, அவ்வளவுதான். கேப்பைப் பற்றிய உண்மையான தேர்வு இன்டர்வியூ அறையில்.

ஒரு வருடப் படிப்புகள் வேறு மாதிரி. அகமதாபாத் ஐஐஎம்மின் பிஜிபிஎக்ஸ் குறைந்தது நான்கு வருட அனுபவம் கேட்கிறது, பெங்களூரின் இபிஜிபி ஐந்து. ஹைதராபாத், மொஹாலி ஐஎஸ்பியின் (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) பிஜிபிக்கும், மாமல்லபுரம் பக்கம் இருக்கும் கிரேட் லேக்ஸின் பிஜிபிஎம்முக்கும் இரண்டு வருடம் போதும். நான்கு வருடம் என்றால் கேப்பைக் கழித்துவிட்டு நான்கு. டிகிரி முடித்து ஐந்து வருடம் ஆகிவிட்டதே என்று விண்ணப்பக் கட்டணம் கட்டிவிட்டுப் பிறகு முழிக்காதீர்கள். பிஜிபிஎக்ஸ், இபிஜிபி, ஐஎஸ்பி மூன்றுக்கும் உலக அளவில் நடக்கும் எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட் (GMAT) செல்லும். இப்போதைய ஜிமேட் இரண்டேகால் மணி நேரம், மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். கேப் ஓடிக்கொண்டிருக்கும்போது ஜிமேட்டை முடித்து வைத்துவிட்டு, வேலைக்குத் திரும்பிய பிறகு நிதானமாக விண்ணப்பிக்கலாம் என்பது இதில் பெரிய வசதி.

என் கருத்து: மூன்று வருடத்துக்குக் குறைவான அனுபவமும் ஒரு வருடத்துக்கு மேல் கேப்பும் இருந்தால் இரண்டு வருடப் படிப்பே நல்லது. கோடையில் இன்டர்ன்ஷிப் கிடைக்கும், அதன் பிறகு ரெஸ்யூமேயில் கடைசியாக நிற்பது கேப்பாக இருக்காது.

4. கேப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால்

ஆன்லைன் சான்றிதழ்களை அள்ளிக் குவிக்காதீர்கள். ஆறு மாதத்தில் பதினொரு சான்றிதழ் வாங்கியவரிடம் அதில் ஒன்றைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டேன், தண்ணீர் குடித்தார். ஏதாவது ஒரே ஒரு வேலை, யாரோ ஒருவர் உங்களை நம்பிக் காத்திருக்கும்படியான வேலை, அது போதும். மாமாவின் மில்லுக்கு ஸ்டாக் கணக்கை எக்ஸலில் போட்டுக் கொடுப்பது, பக்கத்துத் தெரு டியூஷன் சென்டரில் வாரம் நான்கு நாள் கணக்கு எடுப்பது, சம்பளம் குறைவாக இருந்தாலும் ஒரு சின்ன நிறுவனத்தில் ஒப்பந்த வேலை. முடிந்தால் இன்டர்வியூவுக்கு முன்னால் வேலையில் சேர்ந்துவிடுங்கள். "போன வருடம் வேலையில் இல்லை" என்பதற்கும் "இப்போதும் இல்லை" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

5. எழுதுவது

ரெஸ்யூமேயில் மாதமும் வருடமும் சேர்த்தே போடுங்கள். "2018–2021, 2022–இன்று" என்று வருடம் மட்டும் போட்டு கேப்பை விழுங்குவது பழைய தந்திரம், இன்டர்வியூ பேனலில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். கேப்புக்கென்று ஒரு வரி, அதுவும் வேலைகளுக்கு நடுவில் அதன் இடத்திலேயே.

படிவத்திலோ, விரும்பினால் எழுதலாம் என்று விடும் கட்டுரையிலோ விளக்கம் கேட்டால் நான் சொல்லும் வழி கொஞ்சம் விசித்திரமாக இருக்கும்: ஆங்கிலத்தில்தான் அனுப்பப்போகிறீர்கள் என்றாலும் முதலில் தமிழில், உங்கள் அக்காவுக்குச் சொல்வது போல எழுதிப்பாருங்கள். நேராக ஆங்கிலத்தில் எழுதும்போது நாமெல்லோரும் "தொழில்வாழ்க்கையின் சவாலான காலகட்டத்தில் சுயபரிசோதனை மேற்கொள்ளும் பொருட்டு ஒரு திட்டமிட்ட இடைவெளியை எடுத்துக்கொண்டேன்" என்ற ரகத்தில் இறங்கிவிடுகிறோம். அக்காவிடம் இப்படிப் பேசினால் "என்னடா ஆச்சு உனக்கு" என்பாள். என்னுடையது கடைசியில் இப்படி வந்தது:

"2021 பிப்ரவரியில் சிவில் சர்வீஸ் தேர்வுக்காக வேலையை விட்டேன். 2021 அக்டோபரிலும் 2022 ஜூனிலும் முதல்நிலைத் தேர்வு எழுதினேன், தேறவில்லை. இரண்டு முயற்சி என்று தொடங்கும்போதே முடிவு செய்திருந்ததால் அத்துடன் நிறுத்திக்கொண்டேன். செப்டம்பரிலிருந்து ஒரு லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்தில் டேட்டா அனலிஸ்டாக இருக்கிறேன்."

நான்கு வாக்கியம். எப்போது, ஏன், என்ன ஆனது, இப்போது எங்கே. வருத்தமும் இல்லை, வாழ்க்கைப் பாடமும் இல்லை. இதை ஆங்கிலத்தில் மாற்ற ஐந்து நிமிடம்தான் ஆனது.

வெளிநாட்டுக் கல்லூரிகள் இதை நேராகவே கேட்கும். பிரான்ஸின் இன்சியாட், தற்போது வேலையில் இல்லாதவர்களும் படிப்பு தொடங்க இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே வேலையை விடப்போகிறவர்களும் அந்தக் காலத்தில் என்ன செய்கிறீர்கள் என்று எழுதச் சொல்லிவருகிறது. அங்கேயும் இதே நான்கு வாக்கியம்தான். முக்கியக் கட்டுரையில் கேப்பை இழுக்காதீர்கள், அந்த இடம் நீங்கள் செய்த வேலைக்கு.

பரிந்துரைக் கடிதம் கேட்கும் இடங்களில் "இப்போது மேனேஜரே இல்லையே" என்று கவலைப்படுகிறார்கள். பழைய மேனேஜரிடம் கேளுங்கள், அவர் வேறு கம்பெனிக்குப் போயிருந்தாலும் பரவாயில்லை. திடீரென்று லிங்க்கை அனுப்பாமல் முதலில் போனில் பேசி, நீங்கள் எப்போது ஏன் விலகினீர்கள் என்பதை நினைவுபடுத்துங்கள், அவர் எழுதும் தேதியும் உங்கள் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

6. இன்டர்வியூ

என் இன்டர்வியூவில் கேப்பைப் பற்றி "ஏன்" என்று ஒரே ஒரு கேள்விதான் வந்தது. பதில் சொல்ல இருபது விநாடி ஆகியிருக்கும். அதன் பிறகு வந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. நடுவில் இருந்த பேராசிரியர், "பதினெட்டு மாதம் படித்திருக்கிறீர்கள், 73வது அரசமைப்புத் திருத்தம் என்ன?" என்றார். சொன்னேன்: ஊராட்சிகள், 1992இல் நிறைவேறி 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தலையாட்டினார். "உங்கள் சொந்த ஊர்?" சாத்தூர் பக்கம் ஒரு கிராமம் என்றேன். "அங்கே கிராம சபைக் கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா?"

கிராம சபை கூடும் நாளான 2022 மே 1 அன்று நான் ஊரில்தான் இருந்தேன். பிரிலிம்ஸுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது, மாடி அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பஞ்சாயத்து ராஜ் அத்தியாயத்தையே திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். கீழே பள்ளிக்கூடத் திடலில் மைக் சத்தம், குடிநீர்க் குழாயைப் பற்றி யாரோ சண்டை போடுகிறார்கள். போகவில்லை. இதை அப்படியே சொன்னேன். ஒரு விநாடி அமைதி, பிறகு மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள், பேச்சு வேறு திசையில் போனது. அந்த அறையில் நான் சொன்ன பதில்களிலேயே உருப்படியானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: கேப்பில் என்ன செய்தேன் என்று சொல்கிறீர்களோ அதில்தான் கேள்வி வரும். யுபிஎஸ்சி, டிஎன்பிஎஸ்சி என்றால் படித்த பாடங்களையும் நடப்பு நிகழ்வுகளையும் தூசி தட்டி வையுங்கள். கடை நடத்தினேன் என்றால் மாத விற்பனை, லாப விகிதம், கடனுக்குப் போன சரக்கு எவ்வளவு என்று விரல் நுனியில் இருக்க வேண்டும். சொந்தத் தொழில் தொடங்கி மூடினேன் என்றால் எவ்வளவு போட்டீர்கள், எவ்வளவு போனது, எந்த மாதம் மூட முடிவு செய்தீர்கள். தோற்றதைச் சொல்வதில் வெட்கமில்லை, எண் தெரியாமல் இருப்பதுதான் வெட்கம்.

வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். பல இடங்களில் ஆட்குறைப்பு செய்யும்போது ராஜினாமா எழுதி வாங்கிக்கொள்வார்கள், ரிலீவிங் லெட்டரிலும் ராஜினாமா என்றே இருக்கும். "ப்ராஜெக்ட் முடிந்தது, ஆட்களைக் குறைத்தார்கள், ராஜினாமா தரச் சொன்னார்கள், தந்தேன்" என்றால் காகிதத்தோடும் உண்மையோடும் ஒத்துப்போகும். கம்பெனியைத் திட்ட ஆரம்பித்தால் மட்டும் காரியம் கெட்டது.

உடல்நலம் என்றால் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, மனநலமும் இதில் சேர்த்தி. "மருத்துவக் காரணம், இப்போது சரியாகிவிட்டது, எட்டு மாதமாக முழுநேரம் வேலை பார்க்கிறேன்" போதும்.

குழந்தைக்காக வேலையை விட்ட பெண்களிடம் "படிக்க வந்துவிட்டால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்" என்ற கேள்வி இன்னும் வருகிறது. ஆண்களிடம் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை, கோபம் வரத்தான் செய்யும். ஆனாலும் அறைக்குள் சண்டை போட நேரம் இல்லை: "அம்மாவும் என் கணவரும் பார்த்துக்கொள்கிறார்கள், ஏற்பாடு ஆகிவிட்டது" என்று ஒரே வரியில் மூடிவிட்டு வேலைப் பேச்சுக்குத் திரும்புங்கள். குடும்பத்தோடு தங்க வசதியுள்ள வளாகங்களும் உண்டு, ஐஎஸ்பி, அகமதாபாத்தின் பிஜிபிஎக்ஸ் போல. முன்பே விசாரித்து வைத்தால் இந்தப் பதிலுக்கும் உதவும்.

கடைசியாக, காரணமே இல்லாதவர்கள். வேலை பிடிக்கவில்லை, விட்டேன், என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வருடம் போனது. இதுதான் கடினமான கேஸ், ஆனால் இதற்கும் கதை ஜோடிக்காதீர்கள். "யோசிக்காமல் விட்டேன், முதல் ஆறு மாதம் ஒன்றும் செய்யவில்லை, ஜனவரியிலிருந்து இதைச் செய்கிறேன்" என்று சொல்லக்கூடிய ஜனவரி ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் இந்த வருடம் விண்ணப்பிக்காமல் ஒரு சீசன் தள்ளிப்போடுவதே மேல். காசும் மிச்சம்.

பயிற்சி எடுக்கும்போது கேப் பதிலை போனில் பதிவு செய்து கேளுங்கள். முப்பது விநாடியைத் தாண்டினால் வெட்டுங்கள். "ஆக்சுவலி" எத்தனை முறை வருகிறது என்றும் எண்ணுங்கள், எனக்கு முதல் பதிவில் ஏழு.

7. சீட் கிடைத்த பிறகு

சேரும்போது அசல் ஆவணங்களைக் கேட்பார்கள். படிவத்தில் 31 மாத அனுபவம் என்று போட்டுவிட்டு ரிலீவிங் லெட்டர் 29தான் காட்டினால் சேர்க்கையே ரத்தாகலாம், அதனால்தான் முதல் படியில் அவ்வளவு நேரம் எண்ணச் சொன்னேன். கல்விக் கடனுக்கு உங்கள் கேப்பைவிடக் கல்லூரியின் பெயரும் இணைக் கடன்தாரரின் வருமானமும்தான் பெரிது. முன்னணிக் கல்லூரிகளுக்கு அடமானம் இல்லாமலே எஸ்பிஐயின் ஸ்காலர் கடன் கிடைக்கும், பட்டியலில் உங்கள் கல்லூரி இருக்கிறதா என்று கிளையில் கேளுங்கள்.

அப்புறம் ப்ளேஸ்மென்ட். கல்லூரி சேர்ந்த சில வாரங்களிலேயே ரெஸ்யூமேயின் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்டு மாணவர் குழு உட்கார்ந்துவிடும். கம்பெனிகளும் அதே கேப்பை மறுபடி கேட்கும். கல்லூரிக்கு யுபிஎஸ்சி என்று சொல்லிவிட்டு கம்பெனியிடம் ஃப்ரீலான்சிங் என்று மாற்றிச் சொன்ன ஒருவர் என் பேட்ச்சில் இருந்தார், இரண்டு படிவமும் ஒரே அலமாரியில் இருக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அந்த நான்கு வாக்கியத்தையும் ஹால் டிக்கெட் ஃபைலையும் ஹாஸ்டலுக்கு எடுத்துப் போங்கள், ஸ்கேன் செய்து மெயிலிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள்.